கல் போட்டவன் வீட்டுப் புல்

பெரம்பலூரில் மழைக்குப் பயப்படுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை வெளியில் சொல்ல முடியாது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சனங்களுக்கு நடுவில் குடியிருக்கிறேன். ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் டீக்கடையில் நிற்கிறவன் எல்லாம் நனைந்துகொண்டே சிரிப்பான். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கால் வராது. என் வீட்டு முன்னால் நாலு சென்ட் புல்தரை இருக்கிறது. மழை விழுந்த எட்டாம் நாள் அது கணுக்காலைத் தாண்டும். அப்படியே விட்டால் முழங்காலுக்கு வரும். அதை வெட்டுகிற ஆள் நான்.

நான் என்ன தொழில் செய்து முன்னுக்கு வந்தேன் என்று தெரிந்தால் இன்னும் சிரிப்பீர்கள். பேவர் பிளாக். வாசலிலும் நடைபாதையிலும் கல்யாண மண்டபத்து முன்னாலும் பதிக்கிறார்களே, அந்த சிமெண்ட் கல். அரியலூர் ரோட்டில் என் பட்டறை. பூலாம்பாடிக் கடைத்தெரு வாசல்களில் என் கல். உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை காயப் போடுகிற களத்தில் என் கல். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிற சனம் டீ குடிக்க ஒதுங்குகிற கடை வாசலிலும் என் கல்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கலவை போடக் கற்றுக்கொண்டவன், இரண்டு மாவட்டத்துக்குத் தரை போட்டிருக்கிறான். இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் மட்டும் கல் கிடையாது. கேட்டிலிருந்து படி வரைக்கும் மூன்றடி அகலத்தில் ஒரு சிமெண்ட் பாதை, என் மனைவி கோலம் போடுவதற்கு. மீதி எல்லாம் புல்.

காரணம் இருக்கிறது. சொந்தப் பட்டறை வருவதற்கு வெகு காலம் முன்னால் ஒரு கல் பதிக்கிற மேஸ்திரியிடம் கையாளாக இருந்தேன். அரியலூர் பக்கம் ஒரு பங்களா. ஆபீசர்கள் வந்து தங்குகிற இடம். சுற்றுச்சுவர் ஓரமாகப் பாதை போட வேண்டும். லாரி கல்லை இறக்கியது ஒரு மூலை, பதிக்க வேண்டியது எதிர் மூலை. நடுவில் பாய் விரித்த மாதிரி புல்தரை. குறுக்கே போனால் நாற்பது எட்டு வைத்தால் போதும். காவல்காரர் விடவில்லை.

"புல்லு மேல கால் வெக்காத. சுத்திப் போ."

தலையில் ஆறு கல்லோடு சுற்றிப் போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சுற்றிப் போனேன். சித்திரை வெயில். எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் இரும்பு டிரம்மில் சுட்டுக்கிடந்தது. புல்லுக்கு மட்டும் ஒரு குழாய் தானாகவே சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கை மண் இருந்ததில்லை. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தார்கள். நான் அடுத்தவர் வரப்பில் புல் அறுத்து அடுத்தவர் மாட்டுக்குப் போட்டேன். மண் என்றால் அதில் தின்பதற்கு ஏதாவது விளைய வேண்டும், இதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்தப் புல்லை ஆடும் மேயவில்லை, மாடும் தின்னவில்லை. ஒன்றுமே விளையாத மண்ணை வைத்துக்கொண்டு அதற்குத் தண்ணீரும் ஊற்றுகிறவன்தான் நிஜமான வசதிக்காரன் என்று அன்றைக்குப் புரிந்தது. வேலை முடிந்த அன்று, காவல்காரர் சாப்பிடப் போன நேரம், செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன். ஒன்றுமில்லை. குளுமையாக இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் நமக்கும் ஒன்று வேண்டும் என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் செய்வேன். பெரம்பலூரில் வீடு கட்டியதும் புல் பாய் விற்கிற நர்சரிக்காரரைக் கூட்டிவந்தேன். "அடியில செம்மண்ணும் மணலும் கலந்து போடுங்கய்யா," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மண்ணைப் பற்றி எனக்கே பாடமா. எங்கள் பக்கத்தில் ஒசந்த மண் என்றால் ஏரி வண்டல்தான். கோடையில் ஏரி காய்ந்ததும் வசதி உள்ளவர்கள் வண்டியை விட்டு அள்ளித் தங்கள் காட்டில் கொட்டிக்கொள்வார்கள். எங்கள் சனம் அதை வெட்டி ஏற்றிவிடும். நமக்கென்று ஒரு கூடை கொட்டிக்கொள்ள இடம் இருக்காது. இப்போது இடம் இருக்கிறது. விடுவேனா? இரண்டு டிப்பர் வண்டல் இறக்கினேன். கறுகறுவென்று, கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி. நர்சரிக்காரர் அதன் மேல் புல் பாயை விரித்துவிட்டு, "ஒங்க இஷ்டங்க," என்று சொல்லிப் போனார்.

ஏரி மண்ணில் கோரைக்கிழங்கு இருக்கும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். காட்டில் திரும்பத் திரும்ப உழுவதால் அது அடங்கிக் கிடக்கும். புல்தரையை யார் உழுவது? அந்த வருட மழைக்கு, மெத்தைப் புல்லைக் குத்திக் கிழித்துக்கொண்டு கோரை எழுந்தது. மிஷினை விட்டு வெட்டினால் மறுநாள் மூன்று விரல் உயரத்துக்கு நின்று நம்மையே பார்க்கும். ஒவ்வொன்றாகக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். "நர்சரிக்காரன் புல்லோட சேத்து கோரையையும் வித்துட்டுப் போயிட்டான்," என்று வீட்டில் சொன்னேன். அதையே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைப்பாள். சின்ன வயதில் வெங்காயக் காட்டில் களை வெட்டியவள் அவள். கோரை எங்கிருந்து வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒன்று மட்டும் கோரை தலைகாட்டின அன்றைக்கே சொல்லிவிட்டாள். "களைக்கொத்த நான் கல்யாணத்தன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன். இனிமே யாரு சொன்னாலும் குனிய மாட்டேன். ஒங்க புல்லு, ஒங்க முதுகு."

ஆள் வைத்து வெட்டலாமே என்பீர்கள். வைக்க மாட்டேன். என் புல்லில் இன்னொருத்தனைக் குனிய விட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தப் பங்களாக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் வைத்திருந்தது எனக்கு வேண்டும். அவன் புத்தி வேண்டாம்.

போன வருடம் ஆயுத பூஜையன்று வம்பு வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குக் சாந்து பூசுகிற கரணை, மட்டம் பார்க்கிற ரசமட்டம், ரப்பர் சுத்தி எல்லாவற்றையும் கழுவி வைத்துப் பொட்டு வைப்போம். புல் வெட்டுகிற மிஷினுக்கும் சந்தனம் உண்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் உண்டு. மற்ற மிஷினெல்லாம் அன்றைக்கு லீவில் இருக்கும். இதற்கு மட்டும் அன்றோடு லீவு முடிகிறது. பூஜை முடிந்து பத்துப் பதினைந்து நாளில் மழை வந்துவிடும். அந்தச் சந்தனத்தைப் பார்க்கும்போதே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பிக்கும்.

பட்டறையை இப்போது என் மகன் பார்த்துக்கொள்கிறான். பொரியைக் கையில் அள்ளிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அப்பா, கல்லு ஆர்டர் குடுக்க வர்றவன் நம்ம வூட்டப் பாக்குறான். வாசல்ல ஒரு கல்லு இல்ல. என்னப்பா நெனைப்பான்?"

"ஓட்டல்காரன் வூட்ல பழைய சோறு திங்கிறதில்லையா? அப்படி நெனைச்சுக்கச் சொல்லு."

"முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டரு படம் புடிச்சுக் காட்டுனாருல்ல?"

"நான் தேச்ச முட்டிதானடா? மிச்சத்த எதுல தேய்க்கணும்னு நான் பாத்துக்கறேன்."

அவன் என் பிள்ளை. அவ்வளவு லேசில் விடுவானா? "சரி, ஒண்ணு வெச்சுக்குவோம். ஆள் வெக்காம, நீங்களே வெட்டணும். தை ஒண்ணாந்தேதி காலையில வந்து பாப்பேன். ஒரே மட்டமா இருக்கணும், கோரை தலை காட்டக் கூடாது. அப்படி இருந்துச்சுன்னா இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லைன்னா மாட்டுப் பொங்கல் கழிச்சு கல்ல எறக்கிடுவேன். நீங்க தடுக்கக் கூடாது."

"எறக்குவ, எறக்குவ."

என் மனைவி மிஷினுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சொன்னத நான் கேட்டுக்கிட்டேன்," என்றாள். யார் பக்கம் என்று சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழையும் வந்தது. நான் சும்மா இறங்கவில்லை, வழி செய்துகொண்டு இறங்கினேன். கல் பதிக்கிறபோது நூல் கட்டி அளவு எடுப்போம். அதே மாதிரி புல்தரைக்குக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிப் பதினாறு கட்டமாகப் பிரித்தேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். மொத்தமாகப் பார்த்தால்தானே பயம், கட்டமாகப் பார்த்தால் என்ன பயம்? மழை ஈரத்தில் மிஷின் ஓடாது. வண்டல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு இட்லி மாவில் இறங்கின மாதிரி நிற்கும். அதனால் அரிவாளும் களைக்கொத்தும்தான். குந்த முடியாததால் பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவந்தேன். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். ரேடியோவைக் கேட்டோரத்து முருங்கைக் கிளையில் மாட்டினேன். மூன்றாம் நாள் ரேடியோ நனைந்து போனது. நாலாம் நாள் பூட்ஸுக்குள் எறும்பு. ஒரு கட்டத்தை முடித்து நிமிர்ந்து பார்த்தால் வெயில் அதே இடத்தில் நிற்கிறது. மூட்டை தூக்கியிருக்கிறேன், கலவை மிதித்திருக்கிறேன், ஒரு வேலைக்கும் பயந்தவன் கிடையாது. இந்த வேலையில் நேரம் நகரவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வேலை என்னை ஜெயித்துவிடுமோ என்று இருந்தது.

அடுத்த வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அரியலூர்க்காரர், பெண் கொடுத்த ஊர் என்று இங்கே வந்து வீடு கட்டினவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அவர் வாசல் முழுக்க என் கல். காலையில் பேப்பரோடு நாற்காலி போட்டு உட்காருவார். பல வருடமாக ஒரு வணக்கத்தோடு எங்கள் பழக்கம் சரி. அன்றைக்கு என்ன தோன்றியதோ, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன முதலாளி, நடவா, அறுப்பா?"

"அறுப்புதான் சார். ஒங்களுக்கும் ஒரு கட்டு குடுத்துவிடவா?"

"எனக்கெதுக்கு? நான் மாடும் வெச்சுக்கல, வம்பும் வெச்சுக்கல."

"வம்பு இல்லாமயா காலங்காத்தால செவுத்துக்கிட்ட வந்து நிக்கிறீங்க?"

"நான் எங்க நிக்கிறது? என் வாசல்ல ஒங்க கல்லு மேல தண்ணியில்ல நிக்குது. அதான் செவுத்து ஓரமா ஒதுங்கியிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "கல்லு சரியாத்தான் இருக்கு சார். அடியில கல்லுத்தூளு, கிரஷர் டஸ்ட், நாலு இன்ச் போடணும்னேன். ரெண்டு இன்ச் போதும்னு சொன்னது யாரு?"

"சொல்றவன் ஆயிரம் சொல்லுவான். தொழில் தெரிஞ்சவன் கேக்கலாமா?"

இப்படியே போனது. நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தபோதுதான் நிமிர்ந்தேன். இரண்டரைக் கட்டம் முடிந்திருந்தது. வெட்டியது எனக்கே ஞாபகம் இல்லை.

அவளிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "களை வெட்டுற பொம்பளைங்க எப்பவாச்சும் வாய மூடிப் பாத்திருக்கீங்களா? மாமியாளத் திட்டிக்கிட்டேதான் ஒரு காட்ட முடிப்போம். சும்மா ஒக்காந்தா இடுப்பு ஒடையும். இதுகூடத் தெரியாம நூலு கட்டி அளந்துக்கிட்டு இருந்தீங்க."

பிறகென்ன. மறுநாளிலிருந்து நானே ஆரம்பித்துவிடுவேன். அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லையென்றால் அரிவாளைக் கல்லில் தீட்டிச் சத்தம் கொடுப்பேன். வந்துவிடுவார். அவருக்கும் வேறு வேலை என்ன?

"அரியலூர்ல ரயில் நிக்குது முதலாளி. ஒங்க பெரம்பலூர்ல என்ன நிக்குது?"

"ஒங்க வாசல்ல தண்ணி நிக்குது."

"எங்க மாவட்டத்துக்குக் கீழ இருந்துட்டுப் பிரிஞ்சு போனவங்கதான நீங்க" என்று ஒரு நாள் நான் மடக்கினேன்.

"பிரிச்சாங்க, சேத்தாங்க, மறுபடியும் பிரிச்சாங்க. ஒங்களோட குடும்பம் நடத்த முடியலன்னுதான அர்த்தம்?" என்றார்.

பதினாறில் ஒன்பது கட்டம் சுத்தமாகிவிட்டது. இந்த வருடம் மகன் வாயை மூடவேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாய் மிஞ்சிப் போனது.

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு நாள் கோரையைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம் போல் நர்சரிக்காரரைத் திட்டினேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஏரிக் கோரை முதலாளி. நீங்க டிப்பர்ல மண்ணு எறக்குன அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன். நாலு எழுத்து படிச்சிருந்தா கோரை எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருப்பீங்க. மூணாவதுக்கு அடுத்தவன் மேல பழி போடத்தான் தெரியுது."

உண்மையைச் சொன்னார், அதனால் எரிந்தது. மூணாவது என்று சொன்னார், அதனால் இன்னும் எரிந்தது.

"படிப்பா? சார், ஒங்ககிட்டப் படிச்சவன் எத்தன பேரு என் பட்டறையில கல்லு தூக்குறான்னு தெரியுமா? இத்தன வருசம் நீங்க செஞ்சு அனுப்புன சரக்குல பாதி எங்கிட்டதான் வேலை கேட்டு நிக்குது."

அவர் எழுந்தார். பேப்பரை நாலாக மடித்தார். நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் நாற்காலி வரவில்லை. அரிவாளைத் தீட்டித் தீட்டி அதன் வாய்தான் தேய்ந்தது. அதற்கு மறுநாளும் வரவில்லை. போனால் போகட்டும், எவன் தயவும் எனக்கு வேண்டாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் அரைக் கட்டம்கூட நகரவில்லை. முட்டி குத்தியது. முதலிலும் குத்தியிருக்கும், சண்டையில் தெரியவில்லை. பிறகு நாலு நாள் விடாத மழை. முடித்த ஒன்பது கட்டத்திலும் கோரை மறுபடி எழுந்துவிட்டது. கட்டின நூலே கண்ணுக்குத் தெரியவில்லை. மகன் போனில், "அப்பா, எப்படி இருக்கு?" என்றான். "இருக்கு," என்றேன். "கல்லு செவப்பா, சாம்பலா? இப்பவே போட்டு வெச்சாத்தான் காயும்," என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"என்னத்தச் சொல்ல? நான் சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல."

"பொய் சொல்லியிருந்தா அவரு சிரிச்சுட்டுப் போயிருப்பாரு."

நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் நான். ஆனால் மறுநாள் காலையில் ஒன்றைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறந்து வருகிறார். வாசல் மூலையில் கணுக்கால் தண்ணீர். அதில் வரிசையாகச் செங்கல் போட்டிருக்கிறார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கல் செங்கலாகத் தாண்டிப் போகிறார். இரண்டாவது செங்கல் ஆடி, விழப் போய் சுவரைப் பிடித்தார். என் கல் பதித்த வாசலில் ஒரு மனுசன் செங்கல் வைத்து நடக்கிறான். இதை நாலு பேர் பார்த்தால் என்ன ஆவது?

மழை இரண்டு நாள் விட்டது. தண்ணீரும் வடிந்தது. பட்டறையிலிருந்து ஒரு குட்டி யானை வண்டியில் கிரஷர் டஸ்ட் வரவழைத்து அவர் கேட் முன்னால் கொட்டினேன். முக்காலி, கரணை, ரசமட்டம், ரப்பர் சுத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து முதல் கல்லை நெம்பினேன். சத்தம் கேட்டு அவர் வெளியில் வந்தார்.

"யாரக் கேட்டு கேட்டத் தொறந்தீங்க?"

"என் கல்லு. ரிப்பேர் பாக்க வந்திருக்கேன்."

"நான் கூப்பிடல."

"நீங்க கூப்பிட்டு எப்ப வந்திருக்கேன்?"

நெம்பின கல்லைக் குனிந்து பார்த்தார். "ரெண்டு இன்ச் போதும்னு சொன்னது நான்தான். ஒங்க மேல தப்பு இல்ல," என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

"சொன்னது நீங்க. சரின்னு தலையாட்டிப் போட்டது நானு. மேஸ்திரி கேட்டிருக்கக் கூடாது," என்றேன்.

இதைச் சொல்லும்போதுகூட எனக்கு நாக்கு கசக்கிறது. ஆனால் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். பத்துக் கல் எடுத்து, மண்ணை வழித்து, டஸ்டைக் கொட்டி இடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"என்கிட்டப் படிச்சவன் யாரு அங்க இருக்கான்?" என்று கேட்டார்.

"நாலஞ்சு பேரு இருக்காங்க. அளவு எடுத்து நோட்டுல எழுதுறவன் ஒங்க ஆளுதான். சதுர அடி போடுறது, ஆர்டர் எழுதுறது எல்லாம் அவன்தான். அவன் ஒரு நாள் வரலைன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது. நான் எழுதுனா எனக்கே படிக்க வராது."

"கையெழுத்து எப்படி இருக்கும்?"

"அச்சு மாதிரி இருக்கும்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.  பிறகு, "அந்தக் கல்லு சாஞ்சிருக்கு," என்றார்.

"எந்தக் கல்லு?"

"ஒங்க வலது கைக்குப் பக்கத்துல."

"அது நேராத்தான் இருக்கு. ஒங்க கண்ணாடி சாஞ்சிருக்கு."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் அரிவாளைத் தீட்டுவதற்கு முன்னாலேயே சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி வந்திருந்தது. கார்த்திகை முடிய இரண்டு வாரம்கூட இல்லை. விட்ட இடத்திலிருந்து இல்லை, முதல் கட்டத்திலிருந்து தொடங்கினேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. என் அரசியலை அவர் கிழித்தார், அவர் பென்ஷனை நான் கிழித்தேன். கோரையைக் கிழங்கோடு தோண்டிச் சாக்கில் போட்டேன். மார்கழியில் மழை நின்று தரை இறுகியது. பனி காய்ந்த பிறகு மிஷின் ஓடியது. மிஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் ஒரு வரிசை ஓட்டுவேன், நிறுத்துவேன், பதில் சொல்வேன், அடுத்த வரிசை ஓட்டுவேன். பதில் சொல்வதற்காகவே வரிசையைச் சீக்கிரம் முடித்த நாளும் உண்டு. போகியன்று கடைசிக் கட்டத்து நூலை அவிழ்த்தேன். ரசமட்டத்தைப் புல் மேல் வைத்துப் பார்த்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். வைத்துப் பார்த்தேன்.

தை ஒன்றாம் தேதி காலையில் மகன் வந்தான். கேட்டிலேயே நின்று ஒரு பார்வை பார்த்தான். புல்தரை ஓரமாகவே நடந்து சுற்றி வந்தான். குனிந்து, தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தான். நான் கற்றுக்கொடுத்த வித்தை.

"யாராச்சும் கூட வெட்டுனாங்களா சார்?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டான்.

"நான் ஒரு புல்லக்கூடத் தொடலப்பா," என்றார் ஹெட்மாஸ்டர். "வாய் மட்டும்தான் என்னது. அதுலயும் பாதி ஒங்கப்பாவோடது."

மகன் சிரித்துவிட்டான். மறுபடியும் ஓரமாகவே படிக்கு நடக்கப் போனான்.

"ஏன்டா சுத்திப் போற? குறுக்க நட. செருப்பக் கழட்டிட்டு நட."

கழற்றிவிட்டு நடந்தான். நடுவில் வந்ததும் நின்றான். குதிகாலுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

"அப்பா, இங்க ஒண்ணு நிக்குது."

அடுப்பில் பொங்கலை விட்டுவிட்டு என் மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேப்பர் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். கோரைதான். ராத்திரியில் முளைத்தது போல ஒரே ஒரு இலை, அரை விரல் நீளம். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நர்சரிக்காரர் பெயரை எடுத்துவிட்டால் போதும், பழக்கமான பேச்சு, தானாக வந்துவிடும்.

"நிக்கும்," என்றேன். "ஏரி மண்ணுடா. ரெண்டு டிப்பர் நான்தான் கொண்டாந்து கொட்டுனேன். நர்சரிக்காரரு வேணாம்னாரு. நான்தான் கேக்கல."

"இது வாய்ல வர்றதுக்கு இத்தன வருசம்," என்றாள் மனைவி.

"வந்துருச்சுல்ல? மண்ணு என்னுது, கோரையும் என்னுது. மொளைக்க மொளைக்க எடுப்பேன். இங்க கல்லு எறங்காது."

"சரி, எறக்கல," என்று மகன் குனிந்து அந்தக் கோரையைப் பிடித்து இழுத்தான். இலை மட்டும் கையோடு வந்தது.

"அப்படிப் புடுங்குனா கெழங்கு உள்ளயே நிக்கும். விடு. போயி பொங்கலப் பாரு."

முக்காலியையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். புது வேட்டி. முட்டி ஒரு தரம் முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சாச்சா முதலாளி?"

"ஒங்க வாசல்ல தண்ணி நிக்குதா சார்?"

இந்தக் கேள்விக்கு அந்த மனுசன் இல்லை என்று சொல்லி நான் இன்று வரை கேட்டதில்லை. அன்றைக்கும் வரவில்லை.

"ஒரு கல்லு ஆடுது," என்றார்.